அப்பா போனுக்குள் போய்விட்டார், அம்மாவுக்குச் சண்டை போட ஆளில்லை

நொய்யல்காரி:
பிள்ளைகள் போன் பார்க்கிறார்கள் என்று இந்த இணைய மன்றத்தில் நூறு இழை இருக்கிறது. என் பிரச்சினை எங்கப்பா. வயசு 67. பல்லடம் பக்கம் தறிகுடோனில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர், கடைசிப் பத்து வருஷம் மேஸ்திரி. 2020 ஊரடங்கில் என் தம்பி பழைய ஸ்மார்ட்போன் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு பெங்களூர் போய்விட்டான். அன்றைக்குப் போனவர் இன்னும் வெளியே வரவில்லை.

காலையில் எழுந்து பல் விளக்கும் முன்பே போன். காபி டம்ளர் ஒரு கையில், போன் இன்னொரு கையில். மூலிகை வைத்தியம், உலகப்போர் எப்போது வரும், யாரோ ஒருவர் கிணற்றுக்குள் இறங்கி மோட்டார் எடுப்பது, கிரேன் கவிழ்வது, எதுவானாலும் பார்ப்பார். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம், எதிர் வீட்டில் நின்றால் எந்த சேனல் என்று சொல்லிவிடலாம். அம்மா ஏதாவது கேட்டால் "உம்" என்பார். அந்த "உம்" எதற்கு என்று அவருக்கே தெரியாது.

முன்பு இப்படி இல்லை. தினத்தந்தியை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி படிப்பார்கள், அப்புறம் மாற்றிக்கொள்வார்கள், நடுவில் ஏதாவது ஒரு செய்தியில் சண்டை வரும், அந்தச் சண்டை பக்கத்து ஊர்க் கல்யாணம், பத்து வருஷத்துக்கு முந்தின சீட்டுப் பணம் என்று எங்கெங்கோ போய்விட்டு எட்டரை மணிக்கு இட்லியோடு முடியும். தினமும். நாங்கள் அந்தச் சத்தத்தில்தான் ஸ்கூலுக்குக் கிளம்புவோம்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, எதுவோ விலைவாசி சொல்வது போல, "உங்கப்பன்கூட சண்டை போட்டே ஆறு மாசம் ஆச்சு" என்றார். சிரித்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் அது வேறு மாதிரி உறைத்தது.

போனைப் பிடுங்க முடியாது, பெரிய மனுஷர். நெட்டை நிறுத்தலாமா? என்ன செய்யலாம் சொல்லுங்கள்.

ரிமோட் ராஜா:
ஒன்றும் செய்ய வேண்டாம். முப்பது வருஷம் தறியில் நின்றவர், உட்கார்ந்து கிரேன் கவிழ்வதைப் பார்க்கட்டுமே. நம் ஜெனரேஷன் செய்தால் ரிலாக்ஸ், அவர் செய்தால் அடிக்‌ஷனா? வீட்டில் பெரியவர் சும்மா இருந்தால் நமக்குப் பொறுக்காது.

பழைய ஆண்டெனா:
ராஜா, அவர் பார்ப்பது பிரச்சினை இல்லை, தனியாகப் பார்ப்பதுதான் பிரச்சினை. டிவி வந்தபோதும் குடும்பம் கெட்டது என்றுதான் சொன்னார்கள். ஆனால் வீட்டுக்கு ஒரு டிவி, அதற்கு ஒரு ரிமோட், அந்த ரிமோட்டுக்கு ஐந்து பேர். சண்டையாவது போட்டோம். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் வந்தால் தெருவே ஒரு வீட்டில் இருக்கும். படம் புள்ளி புள்ளியாக வந்தால் ஒருவன் மாடியில் ஏறி ஆண்டெனாவைத் திருப்புவான், கீழே இருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ போச்சு" என்று கத்துவோம். இப்போது எங்கள் வீட்டில் நான்கு பேர், ஆறு திரை. ஒரே கிரிக்கெட் மேட்சை மூன்று பேர் மூன்று அறையில் பார்க்கிறோம், ஹாலில் டிவி இருக்கும்போதே. பையன் போனில் விக்கெட் சில நொடி தாமதமாக வருகிறது என்பதால் என் கத்தல் கேட்டு அவனுக்குக் கோபம்.

ஜன்னல் கம்பி:
ஆண்டெனா சார், தெருவே ஒரு வீட்டில் இருந்தது என்றீர்கள். எந்தத் தெரு என்று கேட்கலாமா? எங்கள் ஊரில் டிவி இருந்த வீட்டில் எங்களை உள்ளே விடமாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கலாம், அதுவும் அந்த வீட்டுப் பாட்டி மனசு வைத்தால். மழை வந்தால் நனைந்துகொண்டே பார்ப்போம். பாட்டிக்குத் தூக்கம் வந்துவிட்டால் ஜன்னலைச் சாத்திவிடுவார், படம் எந்த இடத்தில் நின்றாலும் சரி. பாதிப் படமாகப் பார்த்து, மீதிக் கதையை நாங்களே வரும் வழியில் கட்டிக்கொள்வோம்.

2006 தேர்தலுக்கு அப்புறம் கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று எங்கம்மா செய்த முதல் காரியம் என்ன தெரியுமா, பாய் விரித்து நடு வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து பார்த்தார். என்ன நிகழ்ச்சி என்று கூட எனக்கு நினைவில்லை. கால் நீட்டியிருந்தது நினைவிருக்கிறது. அதனால் "அந்தக் காலத்தில் எல்லோரும் சேர்ந்து" என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரியும். எங்களைப் பொறுத்தவரை ஆளுக்கொரு திரை என்பது யார் வீட்டு ஜன்னலையும் பிடிக்க வேண்டாம் என்பதுதான்.

பழைய ஆண்டெனா:
கம்பி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டு ஜன்னலிலும் ஆட்கள் நின்றார்கள். அன்றைக்கு அது எனக்குக் கூட்டமாகத்தான் தெரிந்தது.

நெறியாளர்:
இலவச டிவி கொடுத்தவர் நல்லவரா கெட்டவரா என்று நான்கு பதிவு வந்தது, எடுத்துவிட்டேன். அதற்கு வேறு இழை இருக்கிறது.

மழலைவீடு:
நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். மகளுக்கு மூன்றரை வயசு. அவளுக்குப் போன் கொடுப்பதில்லை என்று நானும் கணவரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதை, இரண்டு வயசுக்குள் திரையே கூடாது, ஐந்து வயசுக்குள் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பதை, பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன், அந்த அளவுக்கு.

போன மாதம் அவளும் பக்கத்து வீட்டுப் பையனும் அப்பா அம்மா விளையாட்டு விளையாடினார்கள். இவள்தான் அம்மா. சொப்பில் சோறு ஆக்கினாள், குழந்தைக்கு ஊட்டினாள், எல்லாம் சரி. அந்தப் பையன் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டதும் ஒரு சோப்பு டப்பாவைக் கையில் எடுத்து, அதையே பார்த்துக்கொண்டு, ஒரு விரலைத் தூக்கிக் காட்டி, "ஒரு நிமிஷம்டா" என்றாள். முகத்தைத் திருப்பவே இல்லை. அந்த விரல் என் விரல். அச்சு அசல்.

எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியல் நிபுணர் 1970களில் செய்த சோதனை ஒன்று உண்டு. தாய் முதலில் குழந்தையோடு சிரித்து விளையாடுவார், அப்புறம் சில நிமிஷம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் சும்மா பார்ப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். போன் பார்க்கும்போது என் முகம் எப்படி இருக்கிறது என்று செல்ஃபி கேமராவில் வீடியோ எடுத்துப் பார்த்தேன். கல் மாதிரி இருக்கிறது. சிரிப்பு வீடியோ பார்க்கும்போது கூட.

ஷார்ஜாவாசி:
எல்லோரும் போனைத் திட்டுங்கள், நான் திட்டமாட்டேன். எனக்கு அதுதான் வீடு. இங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாது, போட்டிம் என்று ஒரு ஆப், அதில்தான் பேச்சு. எனக்கு எட்டு மணி என்றால் ஊரில் ஒன்பதரை. மனைவி போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். நாங்கள் பேசிக்கொள்வதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே குப்பூஸைக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுவேன், அங்கே பாத்திரம் உருளும், குழந்தை அழும், மாமியார் யாரையோ திட்டுவார். சில நாள் போனில் தெரிவது சுவரும் காலண்டரும் மட்டும்தான். அது போதும்.

ஆனால் ஒன்று. போன வருஷம் லீவில் போனேன். மகனுக்கு அப்போது நான்கு வயசு. மூன்று நாள் என்னிடம் வரவே இல்லை, அம்மா முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டே பார்க்கிறான். நான்காவது நாள் நான் மாடிக்குப் போய், அங்கிருந்து மனைவி போனுக்கு வீடியோ கால் போட்டேன். உடனே போனைப் பிடுங்கிக்கொண்டு "அப்பா, நம்ம வீட்டுக்கு ஒரு மாமா வந்திருக்காரு" என்கிறான்.

நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ரிமோட் ராஜா:
ஷார்ஜா பாய், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கோடு எழுதுபவன்:
நொய்யல்காரி கேட்டதற்கு வருகிறேன். தினத்தந்திக்குக் கடைசிப் பக்கம் உண்டு, உங்கப்பா மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே உங்கம்மா இருப்பார். போனுக்குக் கடைசிப் பக்கம் கிடையாது. அது தற்செயல் இல்லை. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் இந்த ஏற்பாட்டை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் என்பவரே பின்னால் அதற்காக வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். அதோடு 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா தண்ணீராக ஓடுகிறது. அதற்கு முன் நானெல்லாம் ஒரு ஜிபியை மாசம் முழுக்க வைத்துக்கொண்டு, வீடியோ வந்தால் மூடிவிடுவேன். இப்போது ஒரு நாள் கோட்டா தீரவில்லை என்றால் நஷ்டம் போல இருக்கிறது.

நெட்டை நிறுத்துவதெல்லாம் வேண்டாம், அவமானப்படுவார். வேண்டுமானால் மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்து வட்காவ் மாதிரி செய்யலாம். 2022 ஆகஸ்ட் 15இலிருந்து அங்கே மாலை ஏழு மணிக்குக் கோயிலில் சைரன் அடிக்கும், எல்லா வீட்டிலும் டிவியும் போனும் அணையும், எட்டரைக்கு மறுபடி சைரன். ஊரே நிறுத்துவதால் யாருக்கும் தனியாகத் தண்டனை இல்லை.

ரிமோட் ராஜா:
எங்கள் அபார்ட்மெண்டில் சைரன் அடித்தால் லிஃப்ட் மாட்டிக்கொண்டது என்று எல்லோரும் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதுவார்கள்.

காதுக்காரி:
இழையை முழுக்கப் படித்தேன். நான் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். நொய்யல்காரி, உங்கள் முதல் பதிவில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு வரி இருக்கிறது. எதிர் வீடு வரை கேட்கும் சத்தம். இன்னொன்று, முப்பது வருஷத் தறி. விசைத்தறி ஓடும் கூடத்தில் சத்தம் சாதாரணமாக 90 டெசிபலுக்கு மேல். நாள் முழுக்க அதில் நிற்பவர்களுக்கு உள்காதில் இருக்கும் நுண்ணிய முடி செல்கள் போய்விடும், போனால் மறுபடி முளைக்காது. முதலில் அடிபடுவது உச்சஸ்தாயி, 4000 ஹெர்ட்ஸ் பக்கம். ச, த, ப மாதிரி எழுத்துகள் தேய்ந்துவிடும். பேசுகிறார்கள் என்று கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்று புரியாது. ஆண் குரலைவிடப் பெண் குரலும் குழந்தைக் குரலும் இன்னும் கஷ்டம். "காது நல்லாத்தான் கேட்குது, இவதான் முணுமுணுன்னு பேசறா" என்பார்கள். என் அறைக்கு வரும் பாதிப் பேர் சொல்லும் வசனம் இதுதான்.

அந்த "உம்" நீங்கள் நினைப்பதாக இல்லாமல் இருக்கலாம். என்ன கேட்டார்கள் என்று புரியாதவர், மறுபடி "என்ன" என்று கேட்கக் கூச்சப்பட்டு உம் போட்டுவிடுவது. போனில் அந்தக் கஷ்டமே இல்லை பாருங்கள். சத்தத்தைக் கூட்டலாம், கீழே எழுத்து ஓடும், புரியாவிட்டால் பின்னால் தள்ளி மறுபடி கேட்கலாம். மனைவியைப் பின்னால் தள்ளிக் கேட்க முடியாதே. கிரேன் கவிழ்வதற்குக் காதே வேண்டாம்.

நான் பார்க்காமல் சொல்கிறேன், தவறாகவும் இருக்கலாம். ஒரு முறை சோதித்துவிடுங்கள், இழப்பு ஒன்றுமில்லை.

நொய்யல்காரி:
எங்கப்பாவுக்குக் காதா? நான் போன் பண்ணினால் நன்றாகப் பேசுகிறாரே. சத்தமாகப் பேசுவார்தான், ஆனால் தறிக்காரர்கள் எல்லோரும் சத்தமாகத்தான் பேசுவார்கள், எங்கள் தெருவே அப்படித்தான்.

காதுக்காரி:
போனில் உங்கள் குரல் காதுக்கு ஒட்டி வருகிறது, சுற்றிலும் வேறு சத்தம் இல்லை. தெருவே சத்தமாகப் பேசுகிறது என்றால் தெருவையே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்பேன். வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அவர் போன் பார்க்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அம்மாவை அவருக்குப் பின்னால் ஆறேழு அடி தள்ளி நின்று, வாய் தெரியாமல், சாதாரணக் குரலில் பேசச் சொல்லுங்கள்.

நொய்யல்காரி:
ஞாயிற்றுக்கிழமை செய்தோம். அப்பா திண்ணையில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மா கதவோரம் நின்றுகொண்டு, "ஏனுங்க, உங்க போனை வித்துப்போட்டனுங்க" என்றார். அசையவில்லை. "ரெண்டாயிரத்துக்குங்க" என்றார். அசையவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. அங்கேயே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

மழலைவீடு:
ஐயோ.

நொய்யல்காரி:
நாலு வாரம் கழித்து எழுதுகிறேன், கேட்டவர்களுக்கு நன்றி.

கோயம்புத்தூர் கூட்டிப்போனோம். வரமாட்டேன் என்று இரண்டு வாரம் அடம். கடைசியில் எனக்குத்தான் காது வலி, துணைக்கு வாங்க என்று பொய் சொல்லிக் கிளப்பினேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வெளியே இருந்து பார்க்கிறேன், உள்ளே சத்தம் போகிறது என்று விளக்கு எரிகிறது, எங்கப்பா ஸ்கூல் பையன் மாதிரி பட்டன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருக்கிறார், அமுக்கவே இல்லை. அவர்கள் வரைந்த கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் போகப்போக கிணற்றில் இறங்குவது போல இறங்குகிறது. இரண்டு காதும். காதுக்காரி சொன்னது அப்படியே.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சூலூர் தாண்டின பிறகுதான் பேசினார். "உங்கம்மா பேசறது ரேடியோல ஸ்டேஷன் சரியா புடிக்காத மாதிரி இருக்கும். என்ன என்னன்னு கேட்டா சலிச்சுக்குவா. நாலு தரம் கேட்டேன், அப்புறம் கேட்கறதையே விட்டுட்டேன்." அவ்வளவுதான். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். தறிக்கூடத்தில் எல்லோரும் கை ஜாடையில்தான் பேசிக்கொள்வார்களாம். வீட்டில் ஜாடை தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

மிஷின் இரண்டு காதுக்கும் வாங்கினோம், தம்பி பாதிப் பணம் போட்டான். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆகவில்லை. முதல் நாள் போட்டதும் கழற்றி வீசிவிட்டார். மிக்சி சத்தம் தலைக்குள் கேட்கிறதாம், காக்கா கத்துவது காதைக் குத்துகிறதாம், தன் குரலே டிரம்முக்குள் பேசுவது போல இருக்கிறதாம். காலையில் இரண்டு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம், இப்போதைக்கு இவ்வளவுதான் ஒப்பந்தம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பழையபடி போன்தான், கிணறு, மோட்டார், கிரேன். ராஜா சொன்ன மாதிரி அதை விட்டுவிட்டேன். சத்தம் மட்டும் குறைந்திருக்கிறது, எதிர் வீட்டு அக்காவே வந்து என்ன உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

போன சனிக்கிழமை காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். அப்பா மிஷின் போட்டிருந்தார். வீரபாண்டிப் பக்கம் ஒரு கல்யாணம், மொய் எவ்வளவு வைப்பது என்று பேச்சு ஆரம்பித்தது. அம்மா ஆயிரம் என்றார், அப்பா ஐந்நூறு போதும் என்றார், அவர்கள் நமக்கு 2011இல் எவ்வளவு வைத்தார்கள் என்று மொய் நோட்டைத் தேடி எடுத்தார்கள், அதில் பெயர் இல்லை, பெயரை ஏன் எழுதவில்லை, எழுதும்போது யார் உட்கார்ந்திருந்தது, உங்க தங்கச்சி வீட்டுக்காரர்தானே, என்று நாற்பது நிமிஷம். தோசை ஒன்று கருகிவிட்டது, நான் திருப்பவில்லை, சத்தம் கேட்டுப் பேச்சு நின்றுவிடும் என்று பயம்.

அப்புறம் அம்மா மூக்கு சிவக்க உள்ளே வந்து, "இந்த மிசினை எதுக்குடி வாங்கிக் குடுத்தே" என்றார்.

பழைய ஆண்டெனா:
நாற்பது நிமிஷமா! யார் ஜெயித்தது?

நொய்யல்காரி:
ஐந்நூற்று ஒன்று. எழுநூறு வரைக்கும் அம்மா இறங்கிப் பார்த்தார், நடக்கவில்லை.

ஜன்னல் கம்பி:
எங்கம்மா இப்போது சீரியலை ரொம்ப சத்தமாக வைக்கிறார். இதுவரை திட்டிக்கொண்டிருந்தேன். அரசு ஆஸ்பத்திரியில் இந்தச் சோதனை உண்டா?

காதுக்காரி:
அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள், செய்வார்கள். முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், சில பேருக்கு அதோடு முடிந்துவிடும். நொய்யல்காரி, பேட்டரி மிஷினா, சார்ஜ் பண்ணுவதா?

நொய்யல்காரி:
பேட்டரி. பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், துளியூண்டு. ஒரு வாரம் கூட வரமாட்டேன் என்கிறது, மூன்று மணி நேரம்தானே போடுகிறார்?

காதுக்காரி:
ஸ்டிக்கரைப் பிரித்ததும் காற்றுப் பட்டு பேட்டரி வேலை செய்ய ஆரம்பித்துவிடும், பிரித்து ஒன்றிரண்டு நிமிஷம் வைத்துவிட்டு அப்புறம் மிஷினில் போடுங்கள். பிரித்த பிறகு போட்டாலும் போடாவிட்டாலும் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். அதனால் அவரிடம் சொல்லுங்கள், கழற்றி டப்பாவில் வைத்தால் முழுசாக மிச்சமாகும் என்று நினைக்க வேண்டாம், காசு கொஞ்சம் எப்படியும் போகிறது.

நொய்யல்காரி:
இதைச் சொன்னால் போதும், நாள் முழுக்கப் போட்டுக்கொள்வார்.